உதயசூரியனின் கப்பல் அறிவிப்பு

ஜூன் 12, 2001. மின்னி பே
விடாத மழை. பக்கத்து வீட்டு விசாலாட்சியம்மா மகனுடைய பழைய லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். மகன் உதயசூரியன் என்னிடம் படித்தவன். எங்கள் தீவுத் துறைமுகத்தில் கப்பல் அறிவிப்பு சொல்லும் வேலை. போன வருடம் காய்ச்சலில் போய்விட்டான். வீட்டில் சொல்லிப் பழகியதையெல்லாம் இதில் பதிவு செய்திருக்கிறான். இப்போது விண்டோஸ் வர மறுக்கிறது.

"மதுரைக்கு வான்னு மக டிக்கெட்டே போட்டுட்டா சார். ஒரு தடவ அவன் கொரல கேட்டுட்டா நிம்மதியா கப்பல் ஏறிடுவேன்."

ஜூன் 14
கம்ப்யூட்டர் சென்டர் ஜெகநாதன் வழி சொன்னார். "டிஸ்க்ல ஓரமா லினக்ஸ்னு வேற சிஸ்டம் போடுங்க சார். அதுல இருந்து பழைய ஃபைல படிச்சிரலாம். ஃபிக்கர் மத் கரோ, கவலையே வேணாம்." முதலில் லினக்ஸைத் தொடங்கிவைக்க ஒரு பூட் ஃபிளாப்பி. பெரிய கப்பலைத் துறைக்குள் இழுத்துவரும் சிறு படகு மாதிரி.

ஜூன் 15
ஃபிளாப்பியில் பூஞ்சை. உப்புக்காற்று. வேறு கேட்டிருக்கிறேன்.

ஜூன் 18
புது ஃபிளாப்பி போட்டுத் தொடங்கினேன், பாதியில் கரண்ட் போனது. பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. திரை அணைந்த பிறகும், உள்ளே யாரோ நகத்தால் தட்டுவது போலச் சத்தம். பிரமையா?

ஜூன் 19
லினக்ஸ் ஏறிவிட்டது. குரல் இல்லை.

மதியம் எங்கள் பகுதிக்குக் கரண்ட் நிறுத்தும் முறை. அதற்குள் முடிக்கும் அவசரம். முழு டிஸ்க்கையும் எடுத்துக்கொள்ளவா என்று திரையில் லினக்ஸ் கேட்டது. ஆம் என்று தட்டினேன். பழைய ஃபைலெல்லாம் அழிந்துவிட்டது. குடிவருபவருக்கு ஓர் அறை விடச் சொன்னால், இருந்தவனை வெளியே தள்ளி வீட்டையே கொடுத்த மாதிரி —

என்ன பண்ணிட்டேன். அந்தம்மாகிட்ட எப்படிச் சொல்றது?

ஜூன் 20
ஜெகநாதனும் தேடிப் பார்த்துக் கையை விரித்துவிட்டார். அந்த அம்மாவிடம் சொன்னேன். அழவில்லை. திரையைத் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப அவன் எங்க போனான் சார்?"

ஜூன் 29
அந்த அம்மாவின் பயணப் பெட்டியைத் துறைமுகத்துக்கு நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். பயணிகள் கூடத்தில் இந்தியில், பிறகு தமிழில் அறிவிப்பு வந்தது. யாரோ ஒரு பெண்ணின் குரல். எல்லோரும் எழுந்தார்கள். விசாலாட்சியம்மா உட்கார்ந்தே இருந்தார்.

"ஏறணும்மா."

"அவங்க போவட்டும் சார். அவன் இன்னும் சொல்லலியே."

கப்பல் போய்விட்டது.

ஜூலை 11
இன்று மறுபடி சென்னைக் கப்பல். விடிந்ததும் விசாலாட்சியம்மா பெட்டியோடு என் வாசலில் நிற்கிறார். சட்டை மாட்டிக்கொண்டேன், கூடப் போய் உட்கார்ந்திருக்க வேண்டும்.