பிள்ளைப்பூச்சி இல்லை, தையல்காரி

ஆகஸ்ட் 4, ஞாயிறு

பென்னாகரம் காட்டோரம் ஒரு புங்க இலை சுருண்டு, ஓரமெல்லாம் வெள்ளை நூலால் தைத்த மாதிரி இருந்தது. பிரித்தேன். உள்ளே கட்டைவிரல் பருமனில் ஒருத்தி. வெட்டுக்கிளிக் கால், உடம்பைவிட நீளமான மீசை, வாயில் ஊறும் நூலிலேயே வீடு தைக்கிற சாமர்த்தியம். வால் முனையில் முட்டையிடும் குழல். முதுகில் சிறகு? இல்லவே இல்லை. கையைக் கடித்தாள். வலியோடு சிரித்தேன். தையல்காரி என்று பெயர் வைத்து, மண் போட்ட பாட்டிலில் வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று.

ஆகஸ்ட் 6

என் ஆய்வுக் கைடுக்குப் படம் அனுப்பினேன். "குஞ்சா இருக்கும் எழிலரசி. இன்னொரு தடவை தோல் உரிச்சா சிறகு வந்துரும். முட்டை வச்சா வளர்ந்ததுன்னு நம்பறேன்" என்றார். சிறகு வந்தால், பறக்காத பூச்சிகள் பற்றிய என் ஆய்வில் ஓர் அத்தியாயமே போச்சு. தோல் உரிக்காதே தாயே.

ஆகஸ்ட் 9

அவரைப் பூ தின்கிறாள். அந்துப்பூச்சி போட்டால் தலையிலிருந்து ஆரம்பிக்கிறாள். கேழ்வரகுக் களியை மட்டும் தொடவில்லை. இந்த ஊரில் எப்படிப் பிழைப்பாளோ.

ஆகஸ்ட் 13

கல்லூரியிலிருந்து வந்தால், மாமியார் ஒரு கையில் உரித்த வாழைப்பழமும் மறு கையில் பாட்டில் மூடியுமாக நிற்கிறார்.

"அத்தை, என்ன பண்றீங்க?"

"பிள்ளைப்பூச்சிதானே கண்ணு? பழத்துல வச்சு முழுங்கிட்டா கொழந்த தங்கும்னு சொல்வாங்க. உனக்குத்தான்."

எனக்கு வந்ததே கோபம். என் ஆராய்ச்சியப் போயி வாழப்பழத்துல... அதுவும் உசுரோட! கத்திவிட்டேன். பிறகு பக்கத்தில் உட்கார்த்திச் சொன்னேன்: பிள்ளைப்பூச்சி ஈர மண்ணைத் தோண்டும், அதற்கு முன்கால் மண்வெட்டி மாதிரி இருக்கும், சிறகும் உண்டு. இவள் மரத்தில் இலை தைப்பவள்.

"மூணு வருசமா கேக்கறவங்களுக்கு நானும் என்னத்தச் சொல்றது?" என்றார். குரல் உடைந்தது. பழத்தை ஆளுக்குப் பாதியாகத் தின்றோம். ஒரு துண்டைத் தையல்காரிக்குப் போட்டேன். களியைத் தொடாதவள் அதை விடவில்லை.

ஆகஸ்ட் 21

தோல் உரிக்கவில்லை. நல்லது. முட்டையும் இல்லை. பாட்டில் மண்ணுக்குத் தண்ணீர் தெளிப்பது இப்போது அத்தையின் வேலை. பல்லி வந்தால் துடைப்பத்தோடு போகிறார்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

வகுப்பில் இருக்கும்போது அத்தையின் போன்.

"எழிலு, உன் தையல்காரி வாலை மண்ணுல குத்திக்கிட்டு நிக்கிறா. எடுத்து வுடட்டுமா?"

"தொடாதீங்க அத்தை. தொட்டுறாதீங்க."

வந்து பார்த்தேன். மண்ணுக்குள் அரிசி மாதிரி முட்டைகள்! படம் போனதும் கைடு ஒரே வரி அனுப்பினார்: "அத்தியாயம் இருக்கட்டும்." நானும் அத்தையும் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளைகள் போலக் குதித்தோம்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு மாது வாசலில் நின்று வழக்கமான கேள்வியைக் கேட்டாள். "என்னக்கா, வூட்டுல ஏதாச்சும் விசேசம் உண்டா?"

நான் உள்ளே போகத் திரும்பினேன். அத்தை என் கையை விடவில்லை.

"உண்டு. முட்ட வச்சிருக்கா. வந்து பாரு."