இன்னும் எத்தனை அறை

உன் தம்பியின் பட்டறையிலிருந்து இப்போதுதான் வந்தேன். துப்பட்டாவில் கட்டிங் ஆயில் வாசம் ஏறியிருக்கிறது. எனக்கு அது ஆகவே ஆகாது என்று உனக்குத் தெரியும். பெரியநாயக்கன்பாளையத்தில் அந்த லேத்து மெஷின்களுக்கு நடுவே வளர்ந்த உனக்கோ அது வாசமே இல்லை, வெறும் காற்று.

செல் வளர்க்க நாம் செய்த முதல் தட்டு வீணாய்ப்போனது இந்த ஆயிலால்தான். நீயும் நானும் ஒன்றாக ஆய்வகத்தில் சேர்ந்த புதிது. உடம்புக்குள் ஒரு உறுப்பு இன்னொரு உறுப்போடு எப்படிப் பேசுகிறது என்று பார்ப்பது நம் வேலை. தட்டில் இரண்டு அறைகள். ஒன்றில் தசை செல்கள், மற்றதில் வேறு ஏதாவது உறுப்பின் செல்கள். இரண்டும் ஒன்றையொன்று தொடாது. ஊட்டத் திரவம் மட்டும் சின்ன பம்பு வழியாக இங்கிருந்து அங்கே போய்த் திரும்பி வரும். வெளிநாட்டுத் தட்டு வாங்க நம் ஆய்வகத்துக்கு வக்கில்லை. “பம்பு செய்யற ஊர்ல பொறந்துபோட்டு இதுக்குப் போயி அடுத்தவன்கிட்ட கையேந்தோணுமா அம்மணி?” என்று அக்ரிலிக் பலகையைத் தூக்கிக்கொண்டு தம்பியிடம் போனாய்.

அவன் வெட்டிக் கொடுத்த தட்டில் செல்கள் ஒன்றுகூடத் தங்கவில்லை. திரவத்தைக் குறை சொன்னோம், இன்குபேட்டரைக் குறை சொன்னோம், பிறகு நீ என்னையும் நான் உன்னையும் சொல்லிக்கொண்டோம். கடைசியில் ஒருநாள் தட்டு என் முகத்துக்குப் பக்கத்தில் வந்தபோதுதான் பட்டறை வாசம் அடித்தது; அதில் ஒட்டியிருந்த எண்ணெய்தான் செல்களைக் கொன்றிருக்கிறது. உனக்கு மூக்கே கிடையாதா என்று கத்தினேன். அன்றிலிருந்து எந்தத் தட்டானாலும் முதலில் முகர்ந்து பார்ப்பது நம் வழக்கமாயிற்று. மீன் வாங்க வந்தவர்கள் மாதிரி இருக்கிறது என்று மற்றவர்கள் கிண்டல் செய்தார்கள்.

பிறகு உனக்கு வயிற்று வலி வந்தது. கணையத்தில் கட்டி என்றார்கள். அறுத்தும் முழுதாக எடுக்க முடியவில்லை. வளையல் முழங்கைவரை ஏறும் அளவுக்குக் கை இளைத்தது. ஊட்டுகிற சோறெல்லாம் எங்கே போகிறது என்று உன் அம்மா அழுதார். எங்கே போகிறது என்று உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்திருந்தது, அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

அறுத்தெடுத்த கட்டியில் ஒரு துண்டைத் தட்டில் வளர்க்க வேண்டும் என்றாய். வேண்டாம் என்று கெஞ்சினேன். என் கட்டி, என்ன பேசுகிறது என்று நானே கேட்டுக்கொள்கிறேன் என்று அனுமதியெல்லாம் வாங்கிவிட்டாய். ஒரு அறையில் உன் கட்டி, அடுத்த அறையில் யாருடையதோ தசை. தசை நார்கள் நாளுக்கு நாள் மெலிந்தன. முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டு மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தாய். “தொடவே இல்ல பாரு,” என்றாய்.

ஆய்வக ஃபிரிட்ஜில் ஒரு ரசாயனம் இருந்தது. கட்டி அனுப்பும் சேதியைத் தசை வாங்காமல் தடுக்கும் என்று நினைத்தோம். சேர்த்ததும் நார்கள் மெலிவது நின்றது. அதைச் சொல்ல ஓடி வந்தபோது, “தட்டுல இருக்கறவ பொழச்சுக்கிட்டா அம்மணி,” என்றாய். அதைவிடக் கொடுமையான வார்த்தையை நான் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் உன் தம்பி என்னை வழிமறித்தது நீ படுத்திருந்த கட்டிலுக்குப் பக்கத்திலேயே. “ஏனுங்க்கா, அந்த மருந்த எங்கக்காளுக்குக் குடுத்தா ஆகாதுங்களா?” என்றான். அது மருந்தே இல்லை, எந்த மனுஷர் உடம்புக்குள்ளும் போனதில்லை என்றேன். தட்டில் இருப்பது இரண்டே அறை, ஈரலை அது என்ன செய்யும், சிறுநீரகத்தை என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது என்றேன். தட்டை வெட்டியவன் அல்லவா, உடனே பிடித்துக்கொண்டான்.

“இன்னும் எத்தன ரூமுங்க வெட்டோணும்? சொல்லுங்க, இன்னைக்கே வெட்டிப்போடறேன்.”

நீ கண்ணைத் திறக்காமல், உங்கள் வீட்டுத் தெலுங்கில் அவனிடம் ஏதோ சொன்னாய். அவன் வெளியே போய்விட்டான். நானும் என்ன என்று கேட்கவில்லை. அந்த வருஷ மழை பிடிப்பதற்குள் நீ போய்ச் சேர்ந்துவிட்டாய்.

காரியமெல்லாம் முடிந்தபிறகு அவன் ஆய்வகத்துக்கு வந்தான். கையில் நான்கு அறைத் தட்டு. முகர்ந்து பார்த்தேன், துளி வாசம் இல்லை. சுடுதண்ணீரில் திரும்பத் திரும்ப அலசியிருக்கிறான். தசை, ஈரல், சிறுநீரகம் என்று மூன்று அறைகளை நிரப்பினேன். நான்காவதில், உறைய வைத்திருந்த உன் கட்டியின் செல்கள். பிறகு அந்த ரசாயனத்தைச் சேர்த்தேன். இந்த முறையும் தசை தாங்கியது. ஆனால் ஈரல் செல்கள் உருண்டு, கழன்று, திரவத்தில் மிதந்தன. மறுபடி செய்தபோதும் அப்படியேதான்.

ஆக, அன்றைக்கு நான் சொன்னது சரிதான். அந்தச் சரியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? கோபம் கோபமாக வருகிறது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அதைச் சொல்லத்தான் இன்று பட்டறைக்குப் போனேன். மெஷினை நிறுத்திவிட்டு முழுதும் கேட்டான். வேஸ்ட் பஞ்சில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அன்றைக்கு நீ தெலுங்கில் சொன்னது என்னவென்று, நான் கேட்காமலே சொன்னான்.

“‘அவள மறுக்காக் கேக்காதடா, கேட்டீன்னா குடுத்துப்போடுவா’ன்னு சொல்லுச்சுங்க்கா. அதான் நான் மறுக்காக் கேக்கவே இல்லீங்க.”

நிஜம். இன்னொரு தரம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். ஃபிரிட்ஜில் எந்த அடுக்கில் எந்த மூலையில் அந்தப் புட்டி இருக்கிறது என்று உன் கட்டிலருகே நின்றபடியே நினைத்துக்கொண்டிருந்தேன். வலியில் கண்ணைக்கூடத் திறக்க முடியாமல் கிடந்த நீ, கொடுத்த பழி என்மேல் விழாமலிருக்க அந்த ஒரு வாசலையும் அடைத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

கிளம்பும்போது உன் தம்பி ஐந்து அறை வைத்து இன்னொரு தட்டு கொடுத்தான். நாளைக் காலை உன் செல்களை அதற்கு மாற்ற வேண்டும். முதலில் முகர்ந்து பார்க்கிறேன்.