பெர்மிட் இல்லாத ஆந்தை

அன்பு லூசிக்கு,

எழுத்து மேலும் கீழுமாகப் போவதற்கு மன்னித்துக்கொள். ஒரு வரி முடிப்பதற்குள் விரல் வலிக்கிறது. ஆனாலும் இந்த வயதில் எழுத்துக் கற்று, இந்தக் கடிதத்தை நானே எழுதுவதில் எனக்குப் பெரிய சந்தோஷம். உன் முட்டி வலி தேவலையா? நான் நலம். பன்னிரண்டு மணி நேரம் நின்று கால்தான் கனக்கிறது.

ஒரு சின்ன விஷயம், பயப்படாதே. தெலுக் பங்லிமா காராங்கில் நான் காவல் காக்கும் தொழிற்சாலை வாசலில், சிறகு ஒடிந்த ஆந்தை ஒன்று கிடந்தது. அதை ஒன்பது நாள் காவல் அறையில் அட்டைப்பெட்டிக்குள் வைத்து, கோழி ஈரல் கொடுத்தேன். நான் பேசினால் தலையைத் திருப்பிக் கேட்கும்.

பெட்டியில் விரிக்கப் பழைய பேப்பரை எடுத்தவன், எழுத்துக் கூட்டிப் படித்தேன். பெர்மிட் இல்லாமல் காட்டுப் பறவை வைத்திருந்தவருக்கு அபராதம் என்று போட்டிருந்தது. வனவிலங்கு ஆபிஸுக்கு நானே போன் செய்தேன்.

வந்த அதிகாரிப் பெண்ணிடம், பெர்மிட் வாங்கி நானே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவர், "அங்கிள், பெர்மிட்டுக்குப் பெரிய கூண்டு, மிருக டாக்டர் லெட்டர் எல்லாம் வேணும்லா. இந்த ரூம்ல உங்களுக்கே கால் நீட்ட இடமில்ல" என்றார். ஒப்படைக்கும் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். சிறகுக்கு வைத்தியம் பார்த்துப் பறக்கவிடுவதாகச் சொல்லி ஆந்தையைக் கொண்டுபோனார்.

படிக்கத் தெரியாதிருந்தால் அது இன்னும் என்னோடு இருந்திருக்கும். சிறகு மட்டும் கூடியிருக்காது.

நம் மகன் ரோனி இந்தப் பக்கம் வந்தால் என் பழைய போர்வையைக் கொடுத்தனுப்பு. உன் போட்டோ ஒன்றும் வை. டூட்டிக்கு நேரமாகிவிட்டது. பெட்டியை நான் இன்னும் எறியவில்லை. வெள்ளிக்கிழமை அந்தப் பெண்ணுக்கு போன் போட்டு, அது பறந்ததா என்று கேட்டு, அடுத்த வாரம் உனக்கு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
இருதயம்