ஈரக் களிமண்ணில் ஒரு நகத்தடம்

உர்மா நகர், பனி உருகும் மாதம்

தர்வீசாவின் மன்னன், அரச முறையில் என் சகோதரனும், என் மகளை மணந்ததால் மருமகனுமான முவசித்திக்கு உர்மாவின் மன்னன் அக்கித்தேசுப் சொல்வது:

நான் நலம். உனக்கும், உன் மனைவியருக்கும், பிள்ளைகளுக்கும், குதிரைகளுக்கும், தேர்களுக்கும் நலமே உண்டாகட்டும்.

போன மழைக்கு வெள்ளம் என் மதிலைக் கொண்டுபோனது. எல்லா மன்னர்களும் விசாரித்தார்கள், உன்னைத் தவிர. அது கிடக்கட்டும். என் மகள் அஸ்துவா அங்கே வந்து ஆறு வருடம். அவளைப் பார்த்துவர அனுப்பிய தூதன் திரும்பி வந்து சொல்கிறான்: "தூரத்துல முக்காடு போட்டு ஒருத்தவங்க நின்னாங்க அரசே. அவங்கதான்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

தினமும் ஒரே கனவு. ஆற்றின் நடுவே ஒரு கதவு நிற்கிறது. சுவர் இல்லை, வீடு இல்லை.

அவள் உயிரோடு இருந்தால், நீ பதில் எழுதும் களிமண் பலகை காயுமுன் அதில் அவளுடைய இடது கட்டைவிரல் நகத்தைப் பதிக்கச் சொல். கதவிடுக்கில் நசுங்கி, நடுவே பிளந்த நகம். பார்த்தால் தெரிந்துகொள்வேன்.

*

தர்வீசா, வாதுமை பூக்கும் மாதம்

சகோதரரும் மாமனாருமான அக்கித்தேசுப்புக்கு:

இங்கே எல்லோரும் நலம். அஸ்துவாவும் நலம். என் வார்த்தை போதாதா? நகம் எதற்கு? இரண்டு வெள்ளைக் கோவேறு கழுதைகள் அனுப்பியிருக்கிறேன். மலைப்பாதையில் இடறாதவை.

முவசித்தி

*

உர்மா, அறுவடை மாதம்

முவசித்திக்கு:

உன் குதிரைகளுக்கு நலம் உண்டாகட்டும். மற்றவர்களைப் பற்றி எனக்குத் தெரியாது.

மகளைக் கேட்டேன், கழுதையை அனுப்புகிறாய். செத்தவளுக்கு ஏது நகம்? அடுத்த அமாவாசைக்குள் தடம் வராவிட்டால் நம் உடன்படிக்கைப் பலகையை உடைப்பேன். ஆற்றுத்துறையில் உன் வணிகர் ஒருவரும் கால் வைக்க முடியாது.

*

தர்வீசா, திராட்சை மாதம்

மாமா,

மறைத்தது உங்கள் மனம் நோகுமே என்றுதான். அன்று முக்காட்டோடு நின்றது அவளேதான். முக்காட்டை நான் போடச் சொல்லவில்லை.

மூன்று முறை ஈரக் களிமண்ணை அவள் முன் நீட்டினேன். கையை மடியில் ஒளித்துக்கொண்டாள். கடைசியில் சொன்னாள்: "அப்பாவுக்கு நகம் ஞாபகம் இருக்காமா? போகமாட்டேன்னு கதவைப் புடிச்சிக்கிட்டு நின்னேனே, சாத்துங்கடான்னு சொன்னது யாருன்னு ஞாபகம் இருக்கான்னு கேளுங்க. நான் செத்துட்டேன்னே நெனச்சுக்கட்டும். உங்களுக்கென்ன, போய்க் கழுதைய மேய்ங்க."

போருக்கு வருவதானால் வாருங்கள். அதற்கும் அவள் பதிக்கமாட்டாள்.

முவசித்தி

*

உர்மா, முதல் மழை

அஸ்துவா,

சொன்னது நான்தான். உன் விரல் இடுக்கில் இருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். தேர் காத்திருந்தது, தர்வீசாவின் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆறு வருடமாக உலகத்தில் எல்லோரையும் குற்றம் சொன்னேன், அந்தக் கதவை மட்டும் விட்டுவிட்டு.

உடன்படிக்கை உடையாது. நீ பதில் தந்தாலும் தராவிட்டாலும் ஆற்றுத்துறை திறந்தே இருக்கும்.

இதில் அரச முத்திரை இல்லை. கீழே இருப்பது என் கட்டைவிரல் நகம். பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். வழியெல்லாம் ஈரத்துணி சுற்றி, காயாமல் கொண்டுபோகும்படி தூதனிடம் சொன்னேன். எழுத்துகள் கலைந்துவிடும் என்கிறார் எழுத்தர். கலையட்டும். இடம் ஈரமாக இருந்தால் போதும்.

நேற்றும் அந்தக் கதவு வந்தது. திறந்திருந்தது. தண்ணீர் அதன் வழியே போய்க்கொண்டிருந்தது.

அப்பா