ஏழாவது குழி

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுகிறேன். நான் சுகம். நீ வேலை பார்க்கும் மருத்துவமனையின் வாசலில் நின்றபடியே இதைப் பிரித்திருப்பாய், எனக்குத் தெரியும். உள்ளே போய் உட்கார்ந்து படி. நல்ல செய்திதான், ஆனாலும் உட்கார்ந்துகொள்.

ஜெயித்துவிட்டோம். நீங்கள் குடியிருக்கும் ஆற்றங்கரைத் துண்டு நம் நாட்டு மண்தான் என்று நேற்று இரண்டு அரசுகளும் கையெழுத்துப் போட்டுவிட்டன. வானொலியில் இரண்டே வரியில் முடித்திருப்பார்கள். மேடையில் சிரித்தவர்களைத்தான் அவர்களுக்குத் தெரியும். சேற்றில் நின்றவள் நான், அதனால் என்னிடம் கேள்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் வெள்ளம் வந்தது. உங்களுக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த ஆறு, மறுநாள் உங்களுக்கு இந்தப் பக்கம் ஓடியது. நீங்கள் முந்நூறு வீட்டாரும் ஓர் அடிகூட நகரவில்லை. ஆனாலும் அடுத்த நாட்டுக் கரையில் கிடந்தீர்கள். ‘எல்லை ஆற்றின் நடுவே போகிறது, ஆறு நகர்ந்தால் எல்லையும் நகரும்’ என்று அவர்கள் சொன்னார்கள். ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு அடுத்த வரியையும் படிக்க வேண்டும். ஆறு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையை அரித்து நகர்ந்தால்தான் எல்லை கூடவே போகும். ஒரே வெள்ளத்தில் தாவினால் எல்லை பழைய தடத்திலேயே நிற்கும். அரித்து வந்ததா, தாவி வந்ததா? இவ்வளவுதான் வழக்கு. கண்ணால் பார்த்த நீங்கள் எல்லோரும் சொன்னீர்கள். வேண்டியவர்கள் சாட்சி செல்லாது என்று தள்ளிவிட்டார்கள்.

வரைபடத்தில் பார்த்தால் உங்கள் ஊர் விரல் நகம் அளவு. அதற்கு இரண்டு தலைநகரங்கள் ஏன் இப்படி மல்லுக்கட்டின என்று ஒருமுறை எழுதிக் கேட்டிருந்தாய். அப்போது எனக்கும் தெரியாது. இப்போது தெரியும். ஆறு மலையை விட்டு இறங்கிக் கடலைச் சேரும் வரைக்கும் இரண்டு கரையும் வெறும் வண்டல். பாலத்துக்குக் கால் ஊன்ற ஒரு பாறை கிடையாது. உங்கள் ஊருக்கு அடியில் மட்டும்தான் பாறை இருக்கிறது. நீ துணி காயப்போடுகிறாயே, அந்த மேடுதான். அதை வைத்திருப்பவனிடம்தான் துறைமுகத்துக்குப் போகிற வழி.

போன மாதம்தான் இரண்டு தரப்பும் சேர்ந்து குழி வெட்டிப் பார்க்கச் சம்மதித்தன. நம் பக்கம் அளவையாளர்களுக்கு நான் தலைமை. அவர்கள் பக்கம் ஒரு பெரியவர். பெயரை விட்டுவிட்டு அவரை ‘மில்லிமீட்டர்’ என்றுதான் இரண்டு பக்கத்து ஆட்களும் கூப்பிட்டார்கள். நாங்கள் அடித்த ஒவ்வொரு முளையையும் மறுபடி அளப்பார். முதல் வாரம் முழுக்க அவரை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

பழைய தடத்துக்கும் புதிய தடத்துக்கும் நடுவே, உங்கள் ஊரிலிருந்து தள்ளி, பதினொரு குழி. வேலை முடியும் வரை ஊர்க்காரர் யாரையும் பார்க்கக் கூடாது என்று எங்களுக்கு நிபந்தனை. ஆறு அரித்துக்கொண்டே வந்திருந்தால் வழியெல்லாம் மணலும் கூழாங்கல்லும் போட்டுவிட்டு வந்திருக்கும். முதல் ஆறு குழிகளை வெட்டினோம். மேலே ஒரு சாண் சேறு, கீழே கறுப்பு மண். கூழாங்கல் ஒன்றுகூட இல்லை. பெரியவர் ஒவ்வொன்றையும் அளந்துவிட்டு அடுத்த குழிக்கு நகர்ந்தார். நம் தூதுக்குழுத் தலைவர் என்னைத் தனியே கூப்பிட்டு, “இந்த மனுஷன் அவங்க சம்பளம் வாங்குறவர்மா. கண்ணுக்கு முன்னாடி இருந்தாலும் இல்லைன்னுதான் சொல்வார். நீ ரொம்ப நம்பாதே” என்றார். எனக்கும் அந்தப் பயம் இருந்தது.

ஏழாவது குழியில் சேற்றை வழித்து எடுத்தபோது கீழே உழவுச் சால் தெரிந்தது, அக்கா. வரிசை வரிசையாக, அறுத்த நெல் தாளின் அடிக்கட்டையோடு. வெள்ளத்துக்கு முந்தைய வாரம் யாரோ உழுதுவிட்டுப் பாதியில் விட்ட நிலம். சேறு அதை அப்படியே மூடிக் காப்பாற்றி வைத்திருந்தது.

பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் குழிக்குள் இறங்கினார். அந்த வயதில் ஏணிகூடக் கேட்கவில்லை. மண்டியிட்டு ஒரு சால் நெடுக விரலால் கடைசி வரைக்கும் தடவிப் பார்த்தார். அவர்கள் பக்கத்து அதிகாரி மேலே நின்று, “ஐயா, அவசரப்பட வேண்டாம், தலைநகரத்தைக் கேட்டுட்டு எழுதலாம்” என்றார். இவர் நிமிரவே இல்லை. “தலைநகரம் வந்து இந்தக் குழியில இறங்குமா? ஆறு இதுமேல நடந்து வரல. தாண்டிப் போயிருக்கு. எழுதிக்கோங்க” என்றார். அதிகாரி எழுதவில்லை. பெரியவரே மேலே ஏறி வந்து, சேற்றுக் கையோடு எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்து நான் போட்டேன்.

அதற்குப் பிறகு மீதி நான்கு குழியும் வெட்டினோம். அவர்தான் விடவில்லை. “பதினொண்ணுன்னா பதினொண்ணு” என்றார்.

அவர் வேலைக்கு ஆபத்து வருமோ என்று தவித்தேன். வரவில்லை. பாறை நம்முடையது என்று முடிவானதும், பாலத்தைப் பொதுவாகக் கட்டுவோம் என்று நம் அரசு சொல்லிவிட்டது. அவர்கள் மலைச் சரக்கும் அதன் வழியாகத்தான் கடலுக்குப் போகும். பாலத்துக்கு அவர்கள் பக்கத்தில் அளக்கப்போவதும் மில்லிமீட்டர்தான். கையெழுத்தான அன்று நம் ஆட்களும் அவர்கள் ஆட்களும் ஒன்றாக அவரைத் தூக்கிவிட்டார்கள். “கீழே விடுங்கப்பா, கண்ணாடி விழுந்துடும்” என்று கத்திக்கொண்டே சிரித்தார்.

இனி உன் மகள் விஷயம். அவள் பிறப்புச் சான்றிதழில் ‘நாடு’ என்ற கட்டத்தில் ஒரு கோடு மட்டும் போட்டிருந்தார்களே, அந்தக் கோட்டுக்கு வேலை முடிந்தது. இன்று காலையே பதிவு அலுவலகத்துக்குப் போனேன். புதுச் சான்றிதழைக் கையில் வாங்கிவிட்டேன். நாட்டின் பெயர் கறுப்பு மையில் பளிச்சென்று இருக்கிறது. கால்நடை மருத்துவக் கல்லூரி விண்ணப்பமும் இத்துடன் வைத்திருக்கிறேன். கடைசி நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. கையெழுத்தைக் கிறுக்காமல் எழுதச் சொல்.

இத்தனை வருஷம் நமக்குக் கிடைக்காத அந்த அனுமதிச் சீட்டு, வரும் திங்களிலிருந்து படகுக்கு வேண்டாம். ‘பெண்ணை மட்டும் அனுப்புகிறேன், நான் எதற்கு’ என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். அப்படிச் சொல்லாதே. வெள்ளம் வந்த அன்று காலை நான் தேர்வு எழுத பஸ் ஏறினேன். மறுநாள் ஆறு நமக்கு நடுவே வந்துவிட்டது. வயிற்றுப் பிள்ளையோடு அம்மாவையும் நீ ஒருத்தியே பார்த்துக்கொண்டாய். அம்மாவின் கடைசி நாட்களைப் பற்றி நீ எழுதியதே இல்லை. எழுது என்று கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

திங்கட்கிழமை படித்துறையில் நிற்பேன். நீ வா, அக்கா. வந்து முதலில் என்னை நன்றாகத் திட்டு. அப்புறம் சாப்பிடலாம்.

உன் தங்கை