மூச்சு இழுத்தால் மடங்கும் கை

12 மார்ச் 2023, ஞாயிறு

வலது கையை இடது கையால் தூக்கி மேஜைமேல் வைத்துவிட்டு எழுதுகிறேன். விரல்கள் சொன்னபடி கேட்கின்றன. முழங்கைதான் மடங்க மாட்டேன் என்கிறது. விளாத்திகுளம் ரோட்டில் பைக்கோடு விழுந்து வருடம் ஆகப்போகிறது. மதுரையில் ஆபரேஷன் முடிந்து ஐந்து மாதம். தோளில் அறுந்துபோன நரம்புக்குப் பதிலாக, விலா எலும்புகளுக்கு நடுவே மூச்சுக்காக ஓடும் நரம்பை எடுத்துக் கைக்குத் தைத்திருக்கிறார்கள். அது வளர்ந்து வர வேண்டுமாம்.

இன்று கல்யாண வீட்டில் பந்தியில் உட்காரவில்லை. இடது கையால் சாப்பிட்டால் நாலு பேர் பார்ப்பார்கள். என் வீட்டுக்காரி அமுதவள்ளி ஊட்டிவிடுகிறேன் என்றாள். அத்தனை பேர் முன்னாலா? எரிந்து விழுந்தேன். பாவம், அவளும் சாப்பிடாமல் வந்துவிட்டாள்.

20 மார்ச்

கையில் அசைவு ஒன்றுமில்லை.

18 மே, வியாழன்

அமுதவள்ளி அடுப்படியில் மிளகாய் வத்தல் வறுத்தாள். வத்தல் கமிஷன் கடை வைத்திருக்கிற எனக்கே நெடி தாங்கவில்லை. "ஏட்டி, சன்னலத் தொறயேன்" என்பதற்குள் இருமல். இருமியதும் முழங்கைக்கு மேலே சதை துடித்தது!

ஓடிப்போய்க் காட்டினேன். "இன்னுங் கொஞ்சம் வறுக்கட்டுமா?" என்றாள். கண்ணில் தண்ணீர். நெடியா, அழுகையா என்று கேட்கவில்லை. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

22 மே

பிசியோதெரபி பார்க்கும் சுதாராணி சொன்னது: "அண்ணாச்சி, மூளைக்கு இன்னும் அது மூச்சு நரம்புதான். மூச்ச ஆழமா இழுத்துக்கிட்டே மடக்கிப் பாருங்க. போகப் போக அதுவே புரிஞ்சுக்கிடும்."

வேறு யாரோ வைத்திருந்த போன் நம்பர் நமக்கு வந்துசேர்ந்த மாதிரி. மூளை மூச்சைக் கூப்பிடுகிறது, கை எடுக்கிறது.

8 ஆகஸ்ட், செவ்வாய்

அம்மன் கோவில் கொடைவிழா. மானம் போயிற்று. சாம்பிராணிப் புகையில் இருமல் வந்தது. கை வெடுக்கென்று நெஞ்சுக்கு ஏறியது. மறுபடி இருமல், மறுபடி கை. மேளக்காரர் என்னைப் பார்த்து வேகமெடுத்துவிட்டார். பக்கத்துத் தெரு வெயிலம்மாள் முன்னால் வந்து கும்பிட்டு, "வந்திருக்கது யாரு தாயி? எம் மகளுக்கு எப்ப வரன் அமையும்?" என்கிறாள். நரம்பும்மா, நரம்பு என்று சொல்ல வாயெடுத்தால் இருமல் விட்டால்தானே!

வீட்டுக்கு வந்தும் அமுதவள்ளிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நானும் சிரித்தேன். சிரித்தாலும் கை ஆடுகிறது. யார் சொல்லி ஆடுகிறது இது? வெயிலம்மாள் கேட்டதில் தப்பொன்றும் இல்லை.

11 பிப்ரவரி 2024, ஞாயிறு

மூச்சை இழுத்தால் கை வாய்வரை வருகிறது. விட்டால் விழுந்துவிடுகிறது. இழுத்துப் பிடித்துக்கொண்டே சோற்றை வாயில் வைத்தால் புரை ஏறுகிறது. இருமினால் கை மூக்கில் இடிக்கிறது. சட்டையெல்லாம் குழம்பு. தட்டைத் தள்ளிவிட்டேன்.

இப்படியே நின்றுவிட்டால்? ஒரு வாய் சோறு, என் கையால். அவ்வளவுதானே கேட்கிறேன்?

30 மே

தூத்துக்குடி வியாபாரி சாமித்துரை போனில் வத்தல் ஈரம் என்று குறை சொன்னார். விடாமல் கத்தினேன். போனை வைத்ததும் அமுதவள்ளி, "பேசிக்கிட்டே மூக்குக் கண்ணாடிய ஏத்திவிட்டீங்க. வலது கையால" என்றாள்.

"சும்மா சொல்லாத."

"நாந்தான் பாத்தேன்லா!"

மறுபடி செய்து பார்த்தேன். மூச்சைப் பிடிக்காமல் வரவில்லை. நான் கவனிக்காதபோதுதான் மூளை வேலை பார்க்குமோ? இருக்கட்டும். நான் குறுக்கே நிற்கவில்லை.

6 ஆகஸ்ட், செவ்வாய்

கொடை. அதே சாம்பிராணி, அதே இருமல். கை சும்மா தொங்கியது. மேளக்காரர் என்னையே பார்த்து வாசித்து ஓய்ந்துவிட்டார். வெயிலம்மாளின் மகளுக்குப் போன பங்குனியிலேயே கல்யாணம் முடிந்துவிட்டது. இந்தத் தடவை பேரன் எப்போது என்று கேட்க வந்து நின்றாள்.

இருமல் அடங்கியதும் பூசாரி இலையில் சர்க்கரைப் பொங்கல் தந்தார். இலையை இடது கையில் வாங்கிக்கொண்டு, மூச்சைப் பிடிக்காமலே வலது கையால் எடுத்து வாயில் வைத்தேன். அமுதவள்ளி வேறெங்கோ பார்ப்பதுபோல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணாச்சி, இந்த வருசம் சாமி வரலையா?" என்று வெயிலம்மாள் கேட்டாள்.

வாய் நிறையப் பொங்கல்.