காயக் கூடாத போர்வை

ஏங்க,

மகளின் போர்வை தொட்டியில் ஊறுகிறது. எடுத்துக் கொடியில் போட்டுவிடாதீர்கள். காய்ந்துவிட்டால் அதில் ஒட்டுப்போட்ட வெள்ளைத் துணிகளில் ஏறிய சிவப்புச் சாயம் பிறகு எதற்கும் போகாது. ஒரு வருடம் நான் கையால் தைத்தது. நாளை அவள் விடுதிக்குக் கிளம்பும்போது கொடுத்தனுப்ப வேண்டும்.

மணிக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றுங்கள். வெந்நீர் வேண்டவே வேண்டாம். முறுக்கிப் பிழிந்தால் உள்ளே பஞ்சு கட்டிகட்டியாகிவிடும். ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் ஈரக் கனத்தில் தையல் விட்டுப்போகும். அடியில் இரண்டு கையும் கொடுத்துத் தூக்குங்கள்.

நான்கு மணிக்கு வந்துவிடுவேன். சாப்பாடு மேடைமேல் இருக்கிறது. நேற்றுப் போல் பட்டினி கிடந்து என் உயிரை வாங்காதீர்கள்.

பி.கு.: தைத்தது போக மிஞ்சிய சிவப்புத் துணியைக் காலையில் குழாய்த் தண்ணீரில் நனைத்துப் பார்த்தேன். அதுவும் சாயம் விட்டது. நேற்று நீங்கள் போர்வையை வெந்நீரில் போடாவிட்டாலும் இது நடந்திருக்கும். தைப்பதற்கு முன் அந்தத் துணியை அலசிப் பார்க்காதது நான்.

"நீங்க கை வச்சா எதுதான் உருப்படும்?" என்று நேற்று மகள் முன்னால் கேட்டுவிட்டேன். அவள் எழுந்ததும் இந்தச் சீட்டைக் காட்டுங்கள்.